சிங்கூர்: கோர்ட் திருப்பிக் கொடுத்த நிலம்

"சார், நிலம் எடுக்கிறதா நோட்டீஸ் வந்திருக்கு. கோர்ட்டுக்குப் போனா நிலம் நிக்குமா?"

நாலுவழிச் சாலை, ரயில் பாதை, தொழிற்பேட்டை, விமான நிலையம் என்று திட்டத்தின் பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. இந்தக் கேள்வி மாறுவதில்லை. குலைநோய்க்கு மருந்து கேட்க வருகிறவர்கூட, கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி இதைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார். நான் வேளாண்மைத் துறைக்காரன், வக்கீல் இல்லை. ஆனால் அரசு எடுத்த நிலத்தை, 10 வருஷம் கழித்து, உச்ச நீதிமன்றமே விவசாயிகளுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன ஊர் ஒன்று இருக்கிறது. மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள சிங்கூர்தான் அது. கோர்ட்டுக்குப் போய், ஜெயித்து, நிலமும் கைக்கு வந்தபிறகு அந்த மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. போன ஜனவரியில் கொல்கத்தா பக்கம் போக ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கிக்கொண்டேன்.

கார் கம்பெனி வழியாக ஒரு ரயில்

ஹவுரா ஸ்டேஷனில் தாரகேஸ்வர் லோக்கல் ரயிலில் ஏறினால், ஒரு மணி நேரத்தில் சிங்கூர். மேற்கு வங்க வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். எனக்கு வங்காளி தெரியாது. ஊரில் கேட்டதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவர்தான்.

வழியில் 'ஹிந்த் மோட்டார்' என்று ஒரு ஸ்டேஷன் வருகிறது. நம் கலெக்டர்களும் மந்திரிகளும் ஒரு காலத்தில் வந்து இறங்கிய அம்பாஸடர் கார், இந்த ஸ்டேஷனை ஒட்டிய தொழிற்சாலையில்தான் தயாரானது. 2014-ல் உற்பத்தி நின்றுபோனது. ஓடி நின்ற கார் கம்பெனியைத் தாண்டி, ஓடவே தொடங்காத கார் கம்பெனி இருந்த ஊருக்குப் போகிறோம் என்றார் நண்பர். ஷேவ்ராபுலியில் ரயில் மேற்கே திரும்பியதும் வீடுகள் குறைந்து வயல்கள் ஆரம்பிக்கின்றன.

ஜனவரி மாதம் அங்கே உருளைக்கிழங்குக் காலம். கண்ணுக்கெட்டிய தூரம் மண் அணைத்த பாத்திகள், இடையிடையே மஞ்சளாகப் பூத்த கடுகு, வீட்டுக்கு வீடு ஒரு குளம், குளக்கரையில் வாழை. நான் ஒரு பாத்தியில் மண்ணை அள்ளிப் பார்த்தேன். கங்கையும் அதன் கிளை நதிகளும் கொண்டுவந்து போட்ட வண்டல். மாவு மாதிரி உதிர்கிறது. தேடினாலும் ஒரு கல் கிடைக்காது. ஆடியில் மழை நெல் நட்டு, கார்த்திகையில் அறுத்து, உடனே உருளைக்கிழங்கு போடுகிறார்கள். மாசி, பங்குனியில் கிழங்கைத் தோண்டியதும் எள்ளோ, சணலோ, தண்ணீர் வசதி இருந்தால் கோடை நெல்லோ போடுகிறார்கள். வருஷத்துக்கு மூன்று போகம். ஜனவரிப் பனிமூட்டம் நீடித்தால் கிழங்குக்குப் பின்பருவ இலைக்கருகல் வந்துவிடும் என்று அவர்கள் படும் கவலை, நம் நீலகிரி விவசாயி படும் அதே கவலைதான்.

நில அளவும் நமக்குப் புரிகிற மாதிரியே இருக்கிறது. அவர்கள் 'பிகா' என்பது ஏறக்குறைய 33 சென்ட். ஒருவருக்கு இரண்டு பிகா, மூன்று பிகா என்பதே பெரும்பாலானவர்களின் சொத்து. ஒரு ஏக்கர் முழுசாக வைத்திருப்பவர் அங்கே ஓரளவு வசதியானவர். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் 997 ஏக்கர் என்ற கணக்கைப் பார்க்க வேண்டும்.

2006 முதல் 2016 வரை

கதை பலருக்கும் மேலோட்டமாகத் தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

2006 மே மாதம் டாடா மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு லட்ச ரூபாய் கார், அதாவது நானோ காரை, சிங்கூரில் தயாரிக்கும் என்று அறிவிப்பு வந்தது. அப்போது மேற்கு வங்காளத்தில் இடதுசாரி ஆட்சி. வெள்ளைக்காரன் காலத்து 1894-ம் வருஷ நில எடுப்புச் சட்டத்தின்கீழ் 997 ஏக்கரை எடுக்க ஜூலையில் அறிவிக்கை வந்தது. செப்டம்பரில் இழப்பீட்டுத் தீர்வமே வந்துவிட்டது. மூன்று போகம் விளைகிற நிலத்தில், மூன்று மாதத்துக்குள் காகித வேலை முடிந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதியினர் செக் வாங்கினார்கள். இன்னொரு பகுதியினர் வாங்க மறுத்தார்கள். போராட்டம், வேலி, போலீஸ், 144 தடை எல்லாம் நடந்தன. எதிர்க்கட்சி ஒன்றின் தலைவராக இருந்த மம்தா பானர்ஜி அந்த டிசம்பரில் மூன்று வாரத்துக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்தார். 2008 ஜனவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் நில எடுப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. விவசாயிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அதே வருஷம் செப்டம்பரில் ஆளுநர் கோபாலகிருஷ்ண காந்தி இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். காந்தியடிகளுக்கும் ராஜாஜிக்கும் பேரன், தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக நம் மாவட்டங்களில் பணி செய்தவர். அந்தப் பேச்சும் நிலைக்கவில்லை. 2008 அக்டோபர் 3 அன்று டாடா நிறுவனம் வெளியேறுவதாக அறிவித்து, குஜராத்தின் சானந்துக்குப் போய்விட்டது.

2011-ல் 34 வருஷ ஆட்சி மாறியது. புதிய அரசு சிங்கூர் நிலத்தை மீட்க ஒரு தனிச் சட்டம் போட்டது. செக் வாங்காதவர்களின் சுமார் 400 ஏக்கரைத் திருப்பிக் கொடுப்பது திட்டம். 2012-ல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கடைசியில், 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் நில எடுப்பையே ரத்து செய்து, 12 வாரத்துக்குள் நிலத்தை விவசாயிகளிடம் ஒப்படைக்கச் சொன்னது. செக் வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், 10 வருஷம் பிழைப்பை இழந்ததற்கு அது இருக்கட்டும் என்றது. வாங்காதவர்களும் அந்தத் தொகையைப் பெற்றுக்கொள்ளலாம் என்றது.

இதைவிடப் பெரிய வெற்றி ஒரு விவசாயிக்கு என்ன இருக்க முடியும்? நிலமும் வந்தது, பணமும் நின்றது. அந்த வெற்றி வயலில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் ஸ்டேஷனிலிருந்து பேட்டரி ஆட்டோ பிடித்தோம்.

வேலிக்கு அந்தப்பக்கம்

துர்காபூர் விரைவுச்சாலையை ஒட்டி நீளுகிறது அந்த இடம். 2016-ல் தீர்ப்பு வந்ததும் தொழிற்சாலைக் கொட்டகைகளை வெடிவைத்தும் இயந்திரம் வைத்தும் தகர்த்தார்கள். அக்டோபரில் முதலமைச்சரே வந்து கடுகு விதைத்துத் தொடங்கிவைத்தார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

ஓரத்து வயல்களில் இன்று உருளைக்கிழங்கு இருக்கிறது. கட்டடம் எதுவும் வராமல், வேலிக்குள் சும்மா கிடந்த நிலங்கள் அவை. பயிர் நன்றாகவே இருந்தது. உள்ளே போகப்போகக் காட்சி மாறுகிறது. ஆள் உயரத்துக்குக் காய்ந்த நாணல், முள், புதர். சில இடங்களில் மீன் வளர்க்கக் குட்டை வெட்டியிருக்கிறார்கள். கொட்டகை நின்ற பகுதியில் காலால் மண்ணைக் கிளறினேன். கான்கிரீட் சில்லு, கம்பித் துண்டு, ஜல்லி. காலையில் ஒரு கல் கிடைக்காத மண்ணைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, இரண்டு கிலோமீட்டருக்குள் இப்படி ஒரு மண்ணைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

மண்ணைப் படித்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பயிருக்குச் சோறு போடுவது மேலே உள்ள ஒரு சாண் மண்தான். தொழிற்சாலைக்குத் தளம் போடும்போது தாழ்வான வயலை வெளியிலிருந்து கொண்டுவந்த மண், மணல், சாம்பல் கொட்டி மேடாக்கினார்கள். கனரக வண்டிகள் ஓடி அடிமண் இறுகியது. வயலுக்கு வயல் தண்ணீர் போன வாய்க்காலும் வடிகாலும் மூடிப்போயின. வரப்புகள் அழிந்தன. கான்கிரீட்டைப் பெயர்த்து எடுத்துவிடலாம், அதற்கு இயந்திரம் உண்டு. புதைந்துபோன மேல்மண்ணைத் திரும்ப மேலே கொண்டுவரும் இயந்திரம் கிடையாது. ஓர் அங்குல மேல்மண் இயற்கையாக உருவாக நூற்றுக்கணக்கான வருஷங்கள் வேண்டும். தொழுவுரம், பசுந்தாள் உரம், ஆழச்சால் உழவு என்று நாம் பாடுபட்டால் சில வருஷங்களில் ஓரளவு தேற்றலாம். அதுவும், தண்ணீர் வடிய வழி இருந்தால்தான்.

மூன்று பேர், மூன்று கணக்கு

டீக்கடையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அங்கே மரியாதையாகக் கூப்பிட 'தாதா' என்கிறார்கள். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம், அங்கே அண்ணன்.

செக் வாங்க மறுத்த ஒரு பெரியவர் சொன்னார்: "மூணு பிகா இருந்துச்சு. பத்து வருஷம் வேலிக்கு வெளியே நின்னு பார்த்தேன். தீர்ப்பு வந்த அன்னிக்கு சங்கு ஊதினோம், ஊரே அழுதுச்சு. இப்போ பட்டா கையில இருக்கு. ஒரு பிகாவுலதான் கிழங்கு வருது. மத்த ரெண்டு பிகா எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுதுன்னே தெரியல. வரப்பு இல்லையே." நிலத்தை இழந்து செக் வாங்காதவர்களுக்கு அரசு 2012 முதல் மாதம் 2,000 ரூபாயும் மலிவு விலை அரிசியும் கொடுத்தது. அதில் ஓட்டியதாகச் சொன்னார்.

செக் வாங்கிய இன்னொருவருக்கு வேறு வருத்தம். "என் பையனை ஃபாக்டரி வேலைக்குன்னு ட்ரெயினிங் அனுப்பினாங்க. சேர்ந்து படிச்சான். ஃபாக்டரி போயிடுச்சு. பணத்துல வீடு கட்டினோம், தங்கச்சி கல்யாணம் முடிச்சோம். நிலம் திரும்ப வந்தப்போ விவசாயம் செய்ய வீட்டுல ஆள் இல்லை. ஃபாக்டரி வந்திருக்கணும்னு சொல்றவங்க இந்த ஊர்ல நிறைய பேர் இருக்காங்க, தாதா. அதையும் எழுதுங்க." அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். தொழில் வேண்டாம் என்று சிங்கூர் முழுவதும் சொல்லவில்லை.

மூன்றாவது ஆள் அதிகம் பேசவில்லை. அவர் பங்குச் சாகுபடிக்காரர். நம் வாரதாரர் மாதிரி, அங்கே 'பர்காதார்' என்கிறார்கள். 1978-ல் தொடங்கி அந்த மாநில அரசு பர்காதார்களைப் பதிவு செய்து உரிமை கொடுத்தது. நாட்டிலேயே பேர்போன சீர்திருத்தம் அது. ஆனால் பதியாமல் விட்டுப்போனவர்களும் இருந்தார்கள். சிங்கூரில் பதிவு பெற்ற பர்காதாருக்கு நில மதிப்பில் 25 சதவீதம் கொடுத்தார்கள். பதியாதவருக்கும் கூலிக்காரருக்கும் அந்த இழப்பீட்டில் பங்கு இல்லை. இவர் பதியாதவர். நிலம் போனபோதும் அவருக்கு ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்தபோதும் அது நிலக்காரர் பேருக்குத்தான் வந்தது. "இருபது வருஷமா அந்த மண்ணை உழுதவன் நான். எந்தக் காகிதத்துலயும் நான் இல்லை" என்றார்.

இன்னொரு குறையும் எல்லோரும் சொன்னார்கள். அங்கே ஒருபோக நெல் நிலத்தை 'சாலி' என்றும் பலபோக நிலத்தை 'சுனா' என்றும் பதிவேட்டில் பிரிக்கிறார்கள். நெல்லுக்கு நம் பழந்தமிழிலும் சாலி என்று பெயர் உண்டு. சுனாவுக்கு விலை அதிகம், சாலிக்குக் குறைவு. ஆழ்குழாய்க் கிணறு வந்து மூன்று போகம் விளைய ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியும், பழைய பதிவேட்டில் சாலி என்றே கிடந்த நிலங்களுக்கு சாலி விலையே போட்டார்கள் என்பது அவர்கள் குறை.

கதை இன்னும் முடியவில்லை. 2023 அக்டோபரில் மூன்று பேர் கொண்ட நடுவர் மன்றம், டாடா மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்காக 765.78 கோடி ரூபாயும், 2016 செப்டம்பர் 1 முதல் 11 சதவீத வட்டியும் மேற்கு வங்கத் தொழில் வளர்ச்சிக் கழகம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவசரமாக எடுத்த நிலத்துக்கு விவசாயி ஒரு விலை கொடுத்தார். இப்போது வரிகட்டும் மக்கள் தலையிலும் ஒரு விலை வந்து நிற்கிறது.

இரண்டு நீதிபதிகள், ஒரே முடிவு

கோர்ட்டில் ஜெயித்தது எதனால்? நம் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான்.

தீர்ப்பு எழுதிய இரண்டு நீதிபதிகளுக்குள் ஒரு முக்கியமான கேள்வியில் கருத்து வேறுபாடு இருந்தது. நீதிபதி கோபால கௌடா, இது ஒரு கம்பெனிக்காக எடுத்த நிலம், கம்பெனிக்கு எடுக்கும்போது பின்பற்ற வேண்டிய தனி நடைமுறையைப் பின்பற்றவில்லை என்றார். நீதிபதி அருண் மிஸ்ரா, வேலைவாய்ப்பு தரும் தொழிற்சாலை பொது நோக்கம்தான் என்றார். ஆக, 'பொது நோக்கமா இல்லையா' என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. பிறகு எப்படி நில எடுப்பு ரத்தானது?

விவசாயிகள் எழுதிக்கொடுத்த ஆட்சேபணைகளை அதிகாரி முறையாக விசாரிக்கவில்லை என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். பழைய சட்டத்தின் 5ஏ பிரிவின்படி, ஆட்சேபணை கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டு, அவர் சொன்ன காரணத்தைப் பரிசீலித்து, ஏன் ஏற்கிறோம், ஏன் மறுக்கிறோம் என்று எழுத வேண்டும். சிங்கூரில் அது சடங்காக முடிந்தது. எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். 997 ஏக்கர் திரும்பி வந்தது அந்த ஓட்டையின் வழியாகத்தான். 2006-ல் சில விவசாயிகள் மனு எழுதிக் கொடுக்காமல் கூட்டத்தில் கோஷம் மட்டும் போட்டிருந்தால், 2016-ல் நீதிபதிகள் கையில் எடுத்துப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

அதே நேரம், அந்த மனுக்களை 2006-லேயே ஒழுங்காக விசாரித்திருந்தால், மண்மேல் கான்கிரீட் விழுந்திருக்காது. நிலத்துக்கு நியாயம் கிடைக்க வேண்டிய நேரம், அறிவிக்கை வந்த முதல் சில வாரங்கள். அதைத் தாண்டினால் கோர்ட் தருவது பட்டாவைத்தான். மண்ணைத் தர கோர்ட்டாலும் முடியாது.

நம் ஊருக்கு வந்தால்

சிங்கூரும் அதே மாவட்டத்துக்குத் தெற்கே நடந்த நந்திகிராமப் போராட்டமும் 1894 சட்டத்தை மாற்ற முக்கியக் காரணங்கள். 2013-ல் புதிய நில எடுப்புச் சட்டம் வந்தது, 2014 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. சமூகத் தாக்க ஆய்வு, தனியார் கம்பெனிக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேரின் சம்மதம், அரசு-தனியார் கூட்டுத் திட்டமானால் 70 சதவீதம் பேரின் சம்மதம், பலபோகப் பாசன நிலத்தைக் கடைசி வழியாக மட்டுமே எடுப்பது எல்லாம் அதில் உண்டு. சாலை, ரயில் பாதை, கால்வாய் போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு அந்தப் பலபோக விதி பொருந்தாது.

தமிழ்நாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாநில நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கத்துக்கான 1997 சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978 சட்டம் ஆகிய மூன்றின்கீழ் எடுத்தால், 2013 சட்டத்தின் சமூகத் தாக்க ஆய்வு, சம்மதம் ஆகியவை கட்டாயமில்லை. இழப்பீட்டுக் கணக்கு புதிய சட்டப்படி. இந்த ஏற்பாட்டை 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு வேறு சட்டம் போட்டு மூன்றையும் உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. தேசிய நெடுஞ்சாலைக்கு எடுப்பது 1956-ம் வருஷத் தனிச் சட்டப்படி. ஆகவே, நோட்டீஸ் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதை. கெடு நாள் அதில்தான் இருக்கிறது.

2013 சட்டம் என்றால் முதல்நிலை அறிவிக்கையிலிருந்து 60 நாள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 21 நாள்தான். ஆட்சேபணையைத் தனித்தனியாக, சர்வே நம்பர் போட்டு, காரணம் எழுதிக் கொடுங்கள். ஊர் மொத்தமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. ஒப்புகைச் சீட்டோ, பதிவுத் தபால் அட்டையோ கையில் இருக்கட்டும். விசாரணைக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். என்ன சொன்னீர்கள் என்பதை எழுத்திலும் கொடுங்கள்.

சாலி, சுனா தகராறு நம்மிடமும் உண்டு. பதிவேட்டில் மானாவாரிப் புஞ்சை, நேரில் பார்த்தால் கிணற்றுப் பாசனத்தில் வாழையும் மஞ்சளும். வருஷா வருஷம் அடங்கலில் என்ன பயிர், எந்தப் போகம், என்ன பாசனம் என்று சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். கடன் வாங்கவும் பயிர்க் காப்பீட்டுக்கும் மட்டுமே அடங்கல் என்று நினைக்க வேண்டாம். மரம், கிணறு, குழாய்ப் பதிப்பு, கொட்டகை எல்லாவற்றையும் படம் எடுத்து, எண்ணிக்கை எழுதி வையுங்கள். அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. அறிவிக்கை வந்தபிறகு நட்ட மரம் சந்தேகத்துக்கு இடமாகும். ஏற்கெனவே இருந்ததற்கு ஆதாரம் வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, அரசு வழிகாட்டி மதிப்பையும், சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று வருஷம் பதிவான பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எடுக்கிறார்கள். கிராமப்புற நிலத்துக்கு அதை 1 முதல் 2 வரையுள்ள ஒரு பெருக்கல் காரணியால் பெருக்கி, மரம், கிணறு மதிப்பையும் கூட்டி, அந்த மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு மடங்கை ஆறுதல் தொகையாகச் சேர்க்க வேண்டும். பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க, கைமாறிய விலையில் பாதியைக் காட்டிப் பதியும் வழக்கம் ஊர்களில் இருக்கிறது. அந்த மிச்சம், நிலம் எடுக்கும்போது ஊர் முழுவதையும் அடிக்கும்.

பணம் வாங்கும்போது ஒரு வரி முக்கியம். தொகை போதாது என்று நினைத்தால், 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 2013 சட்டப்படி, ஆட்சேபணை இல்லாமல் வாங்கியவர் கூடுதல் கேட்டுப் போக முடியாது. தீர்வம் சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்தால், அன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் எழுத்துப்பூர்வமாக மேல்விசாரணை கேட்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் இதற்கு நடுவர் இருக்கிறார்.

வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013 சட்டம், மூன்று வருஷமாக அந்த நிலத்தையே நம்பிப் பிழைத்த குத்தகைதாரர், பங்குச் சாகுபடியாளர், கூலித் தொழிலாளர் குடும்பங்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிய 1969-லேயே சட்டம் இருக்கிறது, பதிந்தவர்கள் குறைவு. பதிவு இல்லாவிட்டாலும், கொள்முதல் நிலைய ரசீது, உரம் வாங்கிய பில், அடங்கலில் சாகுபடியாளர் பெயர் என்று ஏதாவது ஒன்றையாவது சேர்த்து வையுங்கள். சிங்கூர் டீக்கடையில் அந்த மூன்றாவது ஆளிடம் இல்லாமல் போனது அதுதான்.

கடைசியாகப் பட்டா. சேலம்-சென்னை எட்டுவழிச் சாலை வழக்கில், 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை நிலைநிறுத்தியது. ஆனால் நிலம் முறைப்படி கைமாறும் முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது தவறு என்று சொல்லி, பழையபடி விவசாயிகள் பெயருக்கே மாற்ற உத்தரவிட்டது. அறிவிக்கை வந்த ஊர்களில் இருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை தங்கள் பட்டாவை எடுத்துப் பார்ப்பது நல்லது.

சாலையும் வேண்டும், தொழிலும் வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வேலை தேடித்தான் போகிறார்கள். எந்த நிலத்தை எடுப்பது, யாரைக் கேட்பது, உழுதவனுக்கு என்ன கொடுப்பது என்பதை மண்மேல் ஜல்லி விழும் முன்பே பேசி முடிக்க வேண்டும். அதற்குக் காகிதத்தோடு போய் நிற்கிறவர் குரலுக்குத்தான் பலம்.

நோட்டீஸ் வந்திருக்கும் வாசகர்கள் கேள்வி அனுப்பும்போது, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பதில் சொல்ல வசதியாக இருக்கும். பதில் வரும்வரை காத்திருந்து கெடுவை மட்டும் தவறவிட வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், தகுதியுள்ளவர்களுக்குச் செலவில்லாமல் வக்கீல் உதவி கிடைக்கும். முதலில் அங்கே போய் மனுவை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.